கோரையும் அருகும்

என் அம்மா 29 வருடம் கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தவள். ஒரு போட்டியைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள் வரும்போது எழுந்து ஓரமாகப் போய் நிற்க வேண்டும். அவர்கள் போனபிறகு திரும்பி வந்து குந்த வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஆட்டம் அவ்வளவுதான்: குழி இருக்கிற கிரீனுக்கு வருகிற நாலு ஜோடிக் கால்கள், அவை விட்டுப்போகிற தழும்புகள். 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய சனி ஞாயிறில், டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நானும் புல் வேலைக்காரன்தான். பெங்களூரில் ஒரு மைதானத்தின் கிரீன்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு.

அம்மாவின் வேலைக்கு எங்கள் ஊரில் பெயர், 'புல்லுப் பொறுக்கறது'. காலை ஆறரைக்கு எட்டுப் பெண்கள் கிரீனின் ஒரு கரையில் வரிசையாகக் குந்துவார்கள். கயிறு கட்டினது போல அந்த வரிசை ஒரு முழம், ஒரு முழமாக நகர்ந்து மறுகரைக்குப் போகும். எடுக்க வேண்டியது பெரும்பாலும் கோரை. கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே இருக்கும். கிழங்குக்குக் கிழங்கு மண்ணுக்குள் கொடி ஓடுகிறது. ஒன்றைத் தொட்டு விட்டுவிட்டால் பத்து நாளில் பக்கத்தில் இரண்டு முளைக்கும். அதனால் அம்மா உடைந்த ஆக்ஸா பிளேடை ஆசாரி பட்டறையில் கொடுத்து, நுனியை வளைத்துக் கூராக்கி, பிடிக்குச் சேலைத்துணி சுற்றி வைத்திருந்தாள். அதைச் சாய்வாக இறக்கி, கிழங்குக்கு அடியில் கொண்டுபோய், ஒரு சின்னச் சுழற்றல். மேலே உள்ள புல்லில் ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும். விரலால் அதையும் அமுக்கிவிடுவாள்.

அவள் எடுக்காமல் விட்ட புல் அருகு. விட்டது மட்டுமல்ல, அந்த அருகுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எடுத்தாள். மைதானத்தில் வேலை இல்லாத நாளில் மஞ்சக்காட்டுக்குக் களைவெட்டப் போவாள். அங்கே வெட்டுவது அருகை. வேரோடு, கணு ஒன்று மிச்சமில்லாமல். ஒரு கணு கிடந்தால்கூட அது பிழைத்துக்கொள்ளும். "இங்க இதக் காப்பாத்தோணும், அங்க இத ஒழிக்கோணும். கைக்குத்தான் ரெண்டு புத்தி வேணும்" என்று அவள் சொன்னதை, வேளாண் பல்கலைக்கழகத்தில் களை என்ற சொல்லுக்கு வரையறை எழுதிக்கொண்ட வகுப்பில் நினைத்துக்கொண்டேன். வேண்டாத இடத்தில் வளர்கிற செடி எதுவோ அதுவே களை என்று அங்கே சொன்னார்கள். அம்மாவின் பேச்சில் வேண்டாம் என்று சொல்கிற ஆளும் இருந்தார்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, முழுப்பரீட்சை லீவு. அம்மா மறந்துவிட்டுப் போன தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். தூரத்தில் கிரீனின் நடுவில் அவள் தெரிந்தாள். நேராக ஓடினேன். வெறுங்காலில் அந்தப் புல் பட்டபோது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் பாதத்துக்குத் தெரியும். குளிர்ந்த கம்பளி போல. யாரோ கத்தினார்கள். யார் என்று நினைவில்லை. அம்மா எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு என்னைக் கரையில் உட்காரவைத்துவிட்டு, நான் ஓடிவந்த வழியில் மண்டியிட்டுத் தன் கையால் புல்லைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனாள். அந்த அறையைப் பற்றி வெகுகாலம் நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

பள்ளிக்கூடம் முடித்துத் தோட்டக்கலை படித்தேன். படித்த பிறகுதான் அம்மா காத்த அருகின் வம்சம் தெரிந்தது. பெர்முடா புல் என்று உலகம் சொல்வது நம் அருகம்புல்தான், பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்று ஒரு ஊர். அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற புல் விஞ்ஞானி, நம் அருகையும் தென்னாப்பிரிக்காவின் மெல்லிய அருகு ஒன்றையும் கலந்து ஒட்டுரகங்கள் எடுத்தார். ஊர்ப் பெயரைத் தலையில் சூட்டி டிஃப்கிரீன், டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் என்று அவை வந்தன. டிஃப்டுவார்ஃப் 1965-இல் வெளியானது. கட்டையான, நெருக்கமான புல். நாலைந்து மில்லிமீட்டரில் வெட்டினாலும் தாங்கும். வெப்பநாட்டு கிரீன்களில் பல காலம் அதன் ராஜ்யம்தான். இந்த ஒட்டுரகங்களுக்கு விதை கிடையாது. தண்டைத் துண்டாக்கித் தூவி, மண் போட்டு, உருளை ஓட்டித்தான் பரப்ப வேண்டும். நான் இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே: "மலடா?" ஆமாம் என்றேன். "அதான் அத்தன பவுசு பாக்க வேண்டியிருக்குது" என்றாள்.

கிரீன் என்பது வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு பச்சைத் தரை. உள்ளே அது கட்டடம். அடியில் வடிகால் குழாய், அதன்மேல் நாலு அங்குலம் ஜல்லி, அதன்மேல் பன்னிரண்டு அங்குலம் சலித்த மணல் கலவை, அதன்மேல் இந்தப் புல். வெட்டும் எந்திரத்தில் உருளைக் கத்தி ஒன்றும் அதன் கீழே அசையாத கத்தி ஒன்றும் இருக்கும். காலையில் இருட்டோடு ஒரு தாளை இரண்டுக்கும் இடையே கொடுத்து உருட்டிப் பார்ப்போம். தாள் கத்தரித்தது போல அறுந்தால் சரி. மடங்கினால் அன்றைக்குப் புல் கிழியும், மத்தியானத்துக்குள் நுனியெல்லாம் வெளுக்கும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், உலகம் முழுக்க அதுதான். ஆனால் குழி எங்கே என்பது தினமும் மாறும். பழைய குழியை மூட, புதுக்குழியில் வெட்டி எடுத்த புல்வில்லையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மேடாகவும் இருக்கக் கூடாது, பள்ளமாகவும் இருக்கக் கூடாது. மேடாக இருந்தால் எந்திரம் அதைச் சிரைத்துவிடும். பள்ளமாக இருந்தால் ஒருவரின் பந்து அங்கே தடம் மாறும். இரண்டுமே என் தவறு என்று எழுதப்படும்.

தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம், வேறொரு மைதானத்தில், விடியாத நேரத்தில் ஒரு கிரீனை வெட்டிக்கொண்டிருந்தோம். எந்திரத்தின் எண்ணெய்க் குழாயில் மயிரளவு வெடிப்பு. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. சூடான எண்ணெய் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஆறு கோடு. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மறுநாள் கோடுகள் பழுத்தன, அதற்கடுத்த நாள் காய்ந்தன. மேலதிகாரிகள் முன்னால் நின்றுவிட்டு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன செய்வது என்று கேட்கத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், அழத்தான் செய்தேன். அவள் அழவிடவில்லை. "குழி வெட்டற கொழா இருக்குதல்ல? அதுல செத்ததத் தோண்டி எடு. நாத்தங்கால்ல இருந்து நல்லத எடுத்து வெய்யி. ஒவ்வொண்ணா வெய்யி சாமி. எண்ணாத." நான் எண்ணினேன். அறுநூற்றுச் சொச்சம் வில்லைகள். நாலு நாள் ஆனது. அதற்குப் பிறகு எந்த எந்திரத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்க்காமல் கிரீனில் ஏற்றியதில்லை.

டெல்லிக்குப் போன அந்த வருடம் நிறைய அலைந்தேன். வேலை நிமித்தம் ஆகஸ்டில் கொல்கத்தா போனேன். பிரிட்டன், அயர்லாந்து தீவுகளுக்கு வெளியே உலகத்தின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் அங்கேதான் இருக்கிறது: ராயல் கல்கத்தா, தொடங்கியது 1829-இல். பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876. இப்படி வருடங்களைச் சொல்லும்போது, அத்தனை காலமும் அந்தப் புல்லை வெட்டியவர்கள், நீர் சுமந்தவர்கள், களை எடுத்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்பதையும் நான் சேர்த்தே சொல்லிக்கொள்வேன். கொல்கத்தா மண் வண்டல். மழை விட்ட பிறகும் இரண்டு நாள் காலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மைதானத்துக்குள் குளம் குளமாக இருப்பதன் காரணம் அழகு அல்ல. சமநிலத்தில் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும், குளம் தோண்டின மண்தான் மேடு. ஒரு வங்காளி வீட்டில் விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் நெல்லும் அருகும் தலையில் வைத்து வாழ்த்தினார்கள். அருகை அவர்கள் தூர்வா என்கிறார்கள், இந்திக்காரர்கள் தூப் என்கிறார்கள். அன்றிரவே அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். எந்த ஊருக்குப் போனாலும் நான் அவளுக்கு அனுப்புவது புல் படம்தான். விமான நிலையத்துத் திட்டு, ரயில் நிலையத்து மேடை ஓரம், சாலை நடுவில் இருக்கிற கீற்று. அவள் பதில் குரல்பதிவாக வரும்: "தண்ணி பத்தல." "நெழல்ல வெச்சிருக்கறாங்க, வராது."

டெல்லிக்கு அழைத்தபோது முதலில் மறுத்தாள். தீபாவளி திங்கட்கிழமை. எண்ணெய் தேய்க்காமல் எங்கே போய் நிற்பது என்றாள். ஞாயிறு ராத்திரி விமானத்தில் பெங்களூர் வந்துவிடலாம், விடியக்காலையில் என் வீட்டில் தேய்த்துக் குளிக்கலாம் என்றேன். பிறகு கேட்டாள்: "உள்ள உடுவாங்களா?" தொழில் நண்பர் ஒருவர் அனுமதி அட்டை வாங்கி வைத்திருந்தார். கழுத்தில் மாட்டுகிற அட்டை. அதை அவள் வெள்ளிக்கிழமை இரவே மாட்டிப் பார்த்தாள். 29 வருடத்தில் அவளுக்குக் கழுத்தில் அட்டை இருந்ததில்லை.

டெல்லி கோல்ஃப் கிளப் நகரத்தின் நெஞ்சில் இருக்கிறது. கான் மார்க்கெட் மெட்ரோவில் இறங்கிப் போகிற தூரம். தீபாவளிக் கூட்டம், இனிப்புப் பெட்டி, புகை மூடின வானம் எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் வேம்பும் புதருமாக ஒரு காடு. அதற்குள்ளே பந்து போக வேண்டிய புல்வழிகளான ஃபேர்வேக்கள் சந்துபோலப் போகின்றன. 1970-களில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் திருத்தி அமைத்த மைதானம், அண்மையில் கேரி பிளேயர் கை வைத்தது. ஃபேர்வேயை விட்டுப் பந்து விலகினால் புதர்தான், பந்தை மறந்துவிடலாம். ஏப்ரலில்தான் மாஸ்டர்ஸ் வென்று நான்கு மேஜர் போட்டிகளையும் வென்று முடித்த ரோரி மெக்கில்ராய், இந்தியாவில் முதல்முறையாக ஆட வந்தவர், இங்கே டிரைவர் என்கிற தூர அடி மட்டையையே எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் வெகுதூரம் அடிப்பதுதான் அவருடைய பலம். அந்த மட்டையை உறையை விட்டு எடுக்காமல் நடந்தார். பிரபலத்தின் பின்னால் ஓடுகிற கூட்டம் அதைக் குறையாகப் பேசியது. எனக்கு அது மரியாதையாகப் பட்டது. நிலம் சொன்னதை அவர் கேட்டார்.

நுழைகிற பக்கம் லால் பங்களா இருக்கிறது. செம்பாறைக் கல்லில் கட்டிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறை. முகலாய அரசர் இரண்டாம் ஷா ஆலமின் தாய் லால் குன்வர் அங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று சொல்கிறார்கள். மைதானத்துக்குள்ளே இன்னும் சில பழைய கல்லறைகள் நிற்கின்றன. மயில்கள் கல்லறைமேல் ஏறி நின்று ஆட்டத்தைப் பார்க்கின்றன. "ஆரோட அம்மா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

கோல்ஃபை நேரில் பார்ப்பதற்கு இரண்டு வழி. ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடக்கலாம். அல்லது ஒரு கிரீன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் வரவிடலாம். தேர் நம் வீதிக்கு வருவது போல. அம்மாவுக்கு முழங்கால் வலி. சனிக்கிழமை, மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஒரு 'பார் மூன்று' குழியின் கிரீன் ஓரத்தில், கயிற்றை ஒட்டி ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். நாற்காலி கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று குந்திக்கொண்டாள். கிரீன் ஓரத்தில் அவளுக்கு வேறு விதமாக உட்காரத் தெரியாது.

முதல் அரைமணி நேரம் அவள் பந்தையே பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ வெட்டியிருக்காங்க" என்றாள். ஆமாம், போட்டி நாளில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவோம், எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். கோடுகள் சதுரமாக விழுந்திருப்பதைக் காட்டினாள். பிறகு, "இக்கட்ட இருந்து பாத்தா கருப்பா இருக்குது, அக்கட்ட இருந்து பாத்தா வெளுப்பா மின்னும். புல்லு நம்மளப் பாத்துப் படுத்திருக்குது" என்றாள். அருகு நேராக நிற்காது, ஒரு பக்கம் சாய்ந்தே வளரும். சாய்ந்த திசையில் உருண்டால் பந்து வழுக்கிப் போகும், எதிர்த்திசையில் உருண்டால் பிரேக் பிடிக்கும். ஆட்டக்காரரும் அவர் பையைச் சுமக்கும் கேடியும் முட்டி போட்டு, கண்ணைச் சுருக்கித் தேடுவது அதைத்தான். சற்று நேரத்தில் ஒருவர் எங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பந்தைக் குழிக்குத் தள்ளிப் பட் செய்தார். அம்மா மெல்ல, "நிக்காது" என்றாள். நிற்கவில்லை. குழியைத் தாண்டி ஆறடி ஓடி எங்கள் பக்கம் வந்தது. அடுத்தவர் எங்கள் பக்கத்திலிருந்து தள்ளினார். "பத்தாது." பத்தவில்லை. உலகத்தின் முன்வரிசை ஆட்டக்காரர்களின் பந்தை, ஒரு மட்டையைக்கூடப் பிடித்தறியாத என் தாய் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த வேகத்தை அளக்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் யோசித்தது. மூன்றடி நீளப் பட்டை, அதில் ஒரு பள்ளம். பந்தை வைத்து மெதுவாகத் தூக்கினால் ஒரு கோணத்தில் பந்து தானே விடுபட்டு உருளும். எத்தனை அடி ஓடியதோ அது வேகம். எதிர்த்திசையிலும் உருட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நான் தினமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவன். அந்தச் சனிக்கிழமை அதைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுக்கவில்லை.

நேரில் பார்த்தால்தான் கேட்கிற சங்கதி ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் வர்ணனையாளர் பேசிக்கொண்டே இருப்பார். இங்கே தன்னார்வலர்கள் பலகையைத் தூக்கியதும் ஆயிரம் பேர் வாயை மூடுகிறார்கள். அந்த அமைதியில் முதல் அடி அடிக்கிற டீயிலிருந்து ஒரு சொடுக்கு, பிறகு எதுவுமே இல்லாத நாலைந்து நொடி, பிறகு கிரீனில் 'தும்' என்று ஒரு ஓசை. அந்தத் 'தும்'மில் ஈரம் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அம்மா காதைச் சாய்த்து, "மேல காஞ்சிருக்குது, அடியில ஈரம் வெச்சிருக்காங்க. கெட்டிக்காரங்க" என்றாள். இதைப் பெற, போட்டிக்கு முன் ராத்திரி ராத்திரியாகக் கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு திட்டுத் திட்டாகத் தண்ணீர் விட்டிருப்பார்கள். அந்த ஆட்களின் தூக்கம் எனக்குத் தெரியும்.

பந்து உயரத்திலிருந்து விழுந்தால் கிரீனில் ஒரு குழிவு விழும். அதை ஆட்டக்காரரே சரிசெய்ய வேண்டும் என்பது மரபு. சின்ன முள் ஒன்று பையில் வைத்திருப்பார்கள். பலர் முள்ளைக் குத்திக் கீழிருந்து மேலே நெம்புவார்கள். பார்க்கச் சமமாகிவிடும். ஆனால் வேர் அறுந்துவிடும், மூன்றாம் நாள் அந்த இடம் செத்த காசுபோல ஆகும். சரியான முறை, ஓரத்துப் புல்லை நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளி, மட்டையின் அடியால் தட்டிவிடுவது. அன்று ஒரு இளம் ஆட்டக்காரர், தன் குழிவைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் யாரோ விட்டுப்போன இன்னொன்றையும் அப்படித் தள்ளி மூடினார். அவர் பெயரை நான் பார்த்துவைத்துக்கொள்ளவில்லை, ஆட்ட அட்டையில் அவருக்கு அது நல்ல நாளும் இல்லை. அம்மா கைதட்டினாள். பட் எதுவும் விழாத நேரத்தில் எழுந்த அந்த ஒற்றைக் கைதட்டலுக்குச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போனோம். டெல்லியில் முருகனைப் பார்த்துவிட்டால் அவளுக்கு ஊர் பழகிவிடும். படியேறும்போது ஓரத்துப் பாறை இடுக்கில் ஒரு கொத்து அருகைக் காட்டினாள். ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள்: "இங்க பொம்பளைங்க புல்லுப் பொறுக்கறதில்லையா? ஒருத்தரையுங் காணமே." போட்டி நாளில் யாரையும் வெளியே தெரியவிடமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள்.

ஞாயிறு நடந்தோம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, பதினெட்டாவது கிரீனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். வழியில் அலி ஷேரின் கதையைச் சொன்னேன். டெல்லியில் மற்றவர்கள் பையைச் சுமந்து கேடியாக இருந்தவர். 1991-இல் இதே மைதானத்தில் இந்தியன் ஓபனை வென்றார். 1993-இல் மறுபடியும். பெங்களூரின் முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். 2009-இல் அதே கோப்பையை வாங்கினார். எங்கள் தொழிலில் இந்த இரண்டு பெயர்களையும் எல்லோரும் அறிவார்கள். மைதானத்துக்குள் வேலையாளாக நுழைந்தவர்கள் அதே மைதானத்தில் ஆட்டக்காரராக நின்றார்கள். அம்மா நடையை நிறுத்திக் கேட்டாள்: "அவிய அம்மா பாத்தாங்களா?" எனக்குத் தெரியவில்லை.

அன்று முன்னிலையில் தொடங்கியவர் ஜப்பானின் கெய்ட்டா நகஜிமா, இரண்டு அடி முன்னால். இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் துரத்தினார். ஃப்ளீட்வுட் 65 அடித்து, மொத்தம் பாரைவிட 22 குறைவாக, இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். ஆட்டத்தின் விவரத்தை இவ்வளவோடு விடுகிறேன். நாங்கள் பதினெட்டாவது கிரீனின் கயிற்றுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் நின்றோம். அம்மா குட்டை, முன்னால் நின்ற ஒரு சர்தார்ஜி அவளைக் கவனித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தோளைப் பிடித்து முன்வரிசைக்கு அனுப்பினார்.

கடைசிப் பட் விழுந்தது. கூச்சல் எழுந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிறுவன் கிரீனுக்குள் ஓடினான். ஃப்ளீட்வுட்டின் மகன் ஃபிராங்கி, எட்டு வயது. தன் அப்பா ஜெயித்து, தான் பதினெட்டாவது கிரீனில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது ஒருதடவைகூட நடந்ததில்லை என்று அவன் சொல்லியிருந்தானாம். ஃப்ளீட்வுட் அதை எழுதி வைத்துக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பையன் ஓடுகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. புல்லின் குறுக்கே, நேராக, தன் ஆளைப் பார்த்து.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் கைகளைத் தலைக்குமேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னைய அன்னிக்கு அடிச்சுப்போட்டனல்ல" என்றாள். கிரீனைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணியதில்லை. "வேலை போயிருமேன்னு பயம் உனக்கு" என்றேன்.

"பயந்தான். அதுக்குன்னு அத்தன பேரு முன்னாடி அடிச்சிருக்க வேண்டாம். கஞ்சி கொண்டாந்த புள்ள." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஓடட்டும், ஓடட்டும். புல்லு எந்திரிச்சுக்கும்."

பரிசு கொடுத்து முடித்து, படம் எடுத்து முடித்து, கூட்டம் கலையத் தொடங்கியது. விமானத்துக்கு நேரமாகிறது என்றேன். அம்மா அசையவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்ததால் நானும் நின்றேன். வெளிச்சம் மங்கி, எங்கோ முதல் பட்டாசுச் சத்தம் கேட்டபிறகுதான் அவர்கள் வந்தார்கள். சீருடை அணிந்த மூன்று தோட்டக்கார மாலிகள். ஒருவர் கொடியை எடுத்தார். ஒருவர் பங்கர் என்கிற மணல்பள்ளத்தின் ஓரத்தில் குப்பை பொறுக்கினார். மூன்றாவது ஆள், வயதானவர், கிரீனின் நடுவில் அத்தனை பேர் மிதித்த இடத்தில் மண்டியிட்டு, இடுப்பிலிருந்து ஒரு முள்ளை எடுத்தார்.

அம்மா கயிற்றின்மேல் குனிந்து பார்த்தாள்.

"உள்ளுக்குத் தள்றாரு பாரு. நெம்பல" என்றாள். அவர் இரண்டாவது தழும்புக்கு நகரும்வரை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தாள். "வா சாமி, போலாம்."